இருபத்தேழரை அங்குலம்

புயல் அடித்து ஓய்ந்த முதல் வாரம் அந்தத் தெருவில் எல்லோரும் வானத்தைப் பார்த்தபடியே நடந்தார்கள். இரண்டாம் வாரமும் அண்ணாந்து பார்த்துத்தான் நடந்தார்கள். ஆனால் இப்போது வானத்தை அல்ல, அடுத்தவர் வீட்டுக் கூரையை.

குறை சொல்ல முடியாது. காற்று அன்றைக்குத் தெருவையே கலைத்துப் போட்டிருந்தது. கடலைப் பார்த்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள், அத்தனையும் தகரக் கூரை. ஒரு வீட்டுக் கதவு இன்னொரு வீட்டுக் கிணற்றுக்குள் கிடந்தது. ஐஸ் பேக்டரிக்காரர் வீட்டு அண்டா படகுத்துறையில் குப்புறக் கிடந்து, அதற்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பாத்திரம் பண்டம் எல்லாம் மெல்ல மெல்ல வீடு திரும்பிவிட்டன. அவற்றில் பேர் வெட்டியிருக்கும். வம்பு தகரத்தால்தான் வந்தது. தகரத்தில் என்ன அடையாளம் இருக்கிறது? எல்லாம் ஒரே கடையில் வாங்கியது, எல்லாவற்றிலும் ஒரே உப்புக்காற்றுத் துரு. எடுத்தவன் அடித்துக்கொண்டான். இழந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

தையல்காரி வீட்டில் ஆறு தகரம் போயிருந்தது. முன்பக்கம் தப்பித்துவிட்டது. சமையலறையும் தையல் மிஷின் இருந்த அறையும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அந்த அறையில்தான் மாமனாரின் கட்டிலும் இருந்தது. மனுஷர் முப்பது வருஷம் துறைமுகத்தில் சுமை தூக்கி, நெஞ்சில் சளியை மட்டும் சம்பாதித்துக்கொண்டு வந்தவர். நாலு சொட்டு மழை மேலே பட்டால் போதும், மூன்று நாள் இழுக்கும். தூறல் விழ ஆரம்பித்ததும் தையல்காரி மிஷினை ஒரு மூலைக்கு இழுப்பாள், துணிமூட்டையைப் பெட்டிமேல் ஏற்றுவாள், அப்புறம் கட்டிலை ஆளோடு சேர்த்து ஒழுகாத பக்கம் தள்ளுவாள். "இன்னிக்கு எந்த ஊருக்கும்மா?" என்று கேட்பார் மாமனார். அவருக்குச் சிரிப்பு. அவளுக்கு இடுப்பு வலி.

இதில் பெரிய கேலி என்னவென்றால், தெருவுக்கே தார்ப்பாய் தைத்துக் கொடுத்தது அவள்தான். ஜாக்கெட், பள்ளிச் சீருடை எல்லாம் மறந்து போயிற்று. காலையில் மிதிக்க உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை தார்ப்பாய்தான். கிழிந்தது, ஓட்டை விழுந்தது, படகுமேல் கிடந்தது, லாரிமேல் கிடந்தது என்று எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். மிஷினின் மோட்டார் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. காலால் மிதித்தாள். தடித்த நூலை மெழுகில் தோய்த்து ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு ஊசி உடையும். தார்ப்பாய் மடிப்பில் இருக்கும் உப்பு விரலைத் தின்றுவிடும். இத்தனைக்குப் பிறகு அவள் வீட்டுமேல் கிடந்தது என்ன? வந்தவர் போனவர் வெட்டிப்போட்ட ஒன்பது துண்டுகளை ஒட்டுப்போட்ட ஒரு பாய். காற்று வந்தால் மூச்சுவிடுகிற மாதிரி எழும்பி அடங்கும்.

புயல் போய் முப்பத்தைந்தாம் நாள் வானொலியில் மறுபடி சொல்ல ஆரம்பித்தார்கள். நடுக்கடலில் ஒரு சுழி. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. துறைமுகக் கொடிக்கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி ஏறிவிட்டது. ஒன்று ஏறினால் எச்சரிக்கை, இரண்டு ஏறினால் படகைக் கரையேற்ற வேண்டும், மூன்று ஏறினால் ஆட்களே கிளம்ப வேண்டும். கொடியைப் பார்த்ததும் தையல்காரி தன் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஒட்டுப்போட்ட பாய் அந்தக் காற்றுக்கு ஐந்து நிமிஷம் தாங்காது. மாமனார் நனைந்தால் இந்தத் தடவை பிழைக்க மாட்டார். கடையில் தகரம் இல்லை. லாரி வருகிறது வருகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் ஐஸ் பேக்டரிக்காரர் மனைவி ஒரு தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஓரம் மட்டும் அடிச்சுக் குடு. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அவசரம் இல்லாதவர்கள்தான் அதிக நேரம் உட்காருவார்கள்.

"உங்க வீட்டுக்கு இன்னும் தகரம் கிடைக்கலையா?"

"கிடைச்சா ஏன் இப்படி மேல பாத்துட்டு உக்காந்திருக்கேன்?"

"அதான் பாத்தேன். உன் நாத்தனார் வீடு மட்டும் ஜம்முனு மூடிக் கிடக்கு."

தையல்காரி மிதிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் தையல் ஒரு விரற்கடை விலகிப் போயிற்று.

"படகுத்துறைப் பசங்க கரையில கிடந்ததைப் பொறுக்கி அடிச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னா."

"எந்தப் பசங்க?" என்றாள் ஐஸ்காரி. "நானும் கேட்டுப் பாத்தேன். ஒருத்தனும் நான் அடிச்சேன்னு சொல்லல. எனக்கென்ன, நான் சும்மா சொன்னேன்." டீ வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சும்மா சொன்னது அந்த அறையிலேயே உட்கார்ந்துகொண்டது.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். தையல்காரியின் புருஷன் படகு மெக்கானிக்; அவனுக்கு ஒரே தங்கை. தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். எட்டு மாசம் முடிந்து ஒன்பது நடக்கிறது. புருஷன் சரக்குக் கப்பலில். இருக்கிற இடத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன் பேசுவான். புயலில் அவள் வீடு ஓரத்து ஒரு தகரம் தவிர மொத்தமும் திறந்துகொண்டது. எல்லோரும் பள்ளிக்கூட முகாமில் நாலு நாள் கிடந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் மற்ற வீடெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, அவள் வீடு மட்டும் மூடியிருந்தது. அப்போது தையல்காரி சந்தோஷம்தான் பட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்காவது ஒரு நல்லது நடந்ததே என்று வாய்விட்டுச் சொன்னாள். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பார்த்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

சந்தேகம் வந்தால் வேறு யாராவது சண்டைக்குப் போயிருப்பார்கள். தையல்காரி இஞ்ச் டேப்பை எடுத்தாள். இருபது வருஷமாக ஊரை அளந்தவள். எனக்கு இடுப்பு குறைஞ்சிருக்கு என்று சொல்கிறவர்களிடம் வாதாடாமல் டேப்பைக் காட்டுகிறவள். டேப்பு பொய் சொல்லாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஸ்டூல்மேல் ஏறி, பாயை விலக்கி, தன் வீட்டுக் கூரைச் சட்டத்தில் பழைய ஆணிகள் இருந்த இடத்தை அளந்தாள். ஓரத்திலிருந்து எண்ணினால் முதல் வரிசைக்கும் இரண்டாவதுக்கும் இருபத்தேழரை அங்குலம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் முப்பதரை. அப்புறம் மறுபடி இருபத்தேழரை. விசித்திரமான கணக்கு. யாராவது இப்படி அடிப்பார்களா? அடித்திருக்கிறார்களே. இது ஒரு வீட்டுக்குத்தான் இருக்கும். தகரம் எங்கே போனாலும் பழைய ஆணி ஓட்டை கூடவே போகும். இது தன் வீட்டுக் கைரேகை.

மறுநாள் மத்தியானம் கொஞ்சம் கஞ்சியும் சுட்ட மீனும் எடுத்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க அண்ணி. நானே வரணும்னு நெனச்சேன். கால் வீங்கிப் போச்சு, பாருங்க."

"நீ ஏன் நடக்கறே? உக்காரு. இதைச் சாப்பிடு."

சின்னவள் ஆசையாகச் சாப்பிட்டாள். மீனை முள்ளோடு பிடித்து உறிஞ்சினாள். தையல்காரி கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு தகரம் மட்டும் கொஞ்சம் புதுசாக இருந்தது, மற்றதெல்லாம் பழுப்பு. பழுப்பில் ஆறு.

"என்ன அண்ணி மேலயே பாக்கறீங்க?"

"பல்லியைப் பாத்தேன். குழந்தைக்கு ஒரு தூளி கட்டணும்ல? எந்தச் சட்டத்துல கட்டலாம்னு அளந்துக்கறேன்."

சொல்லும்போதே கட்டில்மேல் ஏறிவிட்டாள். சின்னவள் டீ போட உள்ளே போனாள். தையல்காரி சட்டத்தில் இறங்கியிருந்த ஆணிமுனைகளுக்கு டேப்பை வைத்தாள். இருபத்தேழரை. முப்பதரை. இருபத்தேழரை.

டேப்பை இறுக்கிச் சுருட்டினாள். வந்தது கோபம்தான் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அதில் பாதிக்குமேல் துக்கம். இந்தப் பெண் பூப்பெய்திய நாளில் துணி மாற்றிவிட்டவள் அவள். இவள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் கண்விழித்துத் தைத்தவள் அவள். கேட்டால் கொடுக்காதவளா? ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்து அடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே வாங்க அண்ணி என்கிறாளே.

"சக்கரை போதுமா அண்ணி?"

"போதும் போதும். எல்லாம் போதும்" என்றாள் தையல்காரி. டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் மெக்கானிக் கை காலெல்லாம் கிரீஸோடு வந்தான். முப்பது படகு இன்ஜின்கள் உப்புத்தண்ணீர் குடித்துக் கிடந்தன. அவற்றைப் பிரித்து, டீசலில் கழுவி, மறுபடி கோத்து உயிர்கொடுக்கிற வேலை. சாப்பிட உட்கார்ந்தவனிடம் அளவைச் சொன்னாள். மூன்று எண்களையும் இரண்டு தரம் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

"ஆணி அளவை வச்சு எப்படிச் சொல்றது?"

"எந்த மடையன் இருபத்தேழரைக்கு ஒரு ஆணி, முப்பதரைக்கு ஒரு ஆணின்னு அடிப்பான்? நம்ம வீட்டுல அடிச்சிருக்கு. அவ வீட்டுலயும் அதே இருக்கு. என்னங்க அர்த்தம்?"

"இருக்கட்டும் விடு. பிள்ளைத்தாய்ச்சி."

"அப்ப அவ எடுத்தான்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? பிள்ளைத்தாய்ச்சின்னு சொன்னேன்."

"உங்க அப்பா மட்டும் யாரு? அவர் நனைஞ்சா பரவாயில்லையா? தங்கச்சின்னா உங்களுக்குக் கண்ணு தெரியாதே."

கட்டிலிலிருந்து மாமனார் இருமினார். இருமல்தானா, இல்லை வேறு ஏதாவது சொல்ல வந்ததா என்று தெரியவில்லை. "லாரி வரும்டா" என்றார் பொதுவாக. மெக்கானிக் பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டு, இன்ஜின் ஒன்று பாக்கி என்று சொல்லி மறுபடி ஷெட்டுக்குப் போனான். தங்கையைச் சொன்னால் இவனுக்குப் பொறுக்காது என்று தையல்காரி நினைத்தாள். அவள் நினைத்ததில் தப்பே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அடுத்த நாள் காலை பொதுக்குழாயில் தண்ணீருக்கு வரிசை. காற்று திசை மாறி, கடல் வாசனை தெருவுக்குள் ஏறியிருந்தது. சின்னவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சின்னக் குடத்தோடு வந்தாள். தையல்காரி தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றுதான் இருந்தாள். சத்தியமாக அப்படித்தான் இருந்தாள். ஆனால் ஐஸ்காரி பக்கத்தில் நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சின்னவளே, உன் வீட்டுமேல இருக்கற ஆறு தகரம் எங்களது."

ஐஸ்காரி தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னா அண்ணி?"

"யாரும் சொல்ல வேணாம். நான் அளந்து பாத்துட்டேன். தூளிக்கு இல்ல, அதுக்குத்தான் ஏறினேன்."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொல்வாள், அழுவாள், சத்தம் போடுவாள் என்று தையல்காரி மூன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். சின்னவள் மூன்றையும் செய்யவில்லை. குடத்தை நிரப்பினாள். இடுப்பில் வைத்தாள்.

"சரி அண்ணி. எடுத்துக்குங்க" என்றாள். போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் சின்னவளே இரண்டு சுமைக்காரர்களைக் கூட்டிவந்து தகரத்தைப் பிரித்துவிட்டாள். அவர்கள் தூக்கிக்கொண்டு முன்னால் வர, அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். தையல்காரி வீட்டுச் சுவரில் ஒவ்வொன்றாகச் சாத்தி வைத்தார்கள். தையல்காரி எண்ணினாள். ஏழு.

"ஆறுதானே கேட்டேன்?"

"ஏழாவதையும் அளந்து பாத்துக்குங்க அண்ணி. நாளைக்கு மிச்ச சந்தேகம் எதுவும் இருக்கக் கூடாது."

அன்று மாலையே ஐஸ்காரி தன் தார்ப்பாயைக் கொண்டுபோய்ச் சின்னவள் வீட்டுமேல் போட்டுக் கட்டினாள். ஓரம் அடித்த தையல் அப்படியே புதுசாகத் தெரிந்தது. தெரு முழுவதும் இப்போது அதை அண்ணாந்து பார்த்தது. அப்புறம் திரும்பித் தையல்காரி வீட்டுப் பக்கமும் பார்த்தது.

ஜெயித்தவளுக்குத் தூக்கம் வர வேண்டும். வரவில்லை. எடுக்காதவள் இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுப்பாளா என்று ஒரு மனசு. எடுத்தவள் என்றால் இவ்வளவு நிமிர்ந்து நடப்பாளா என்று இன்னொரு மனசு. ஒருவேளை இதைவிடப் பெரிதாக வேறு எதையாவது மறைக்கிறாளோ என்று மூன்றாவதும் ஒன்று முளைத்தது. சந்தேகத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் குறட்டை விடாத ராத்திரி அது என்பதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

கூரைக்காரர் மறுநாள் மூன்று மணிக்குத்தான் வந்தார். ஒரு கொடி ஏறியதிலிருந்து ஊரே அவரைப் பிடித்து இழுத்தது. அறுபது வயது, ஆனால் ஏணியில் ஏறினால் கீழே இருப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். எப்போதும் வாயில் ஏழெட்டு ஆணி வைத்துக்கொண்டுதான் பேசுவார். பழகியவர்களுக்குத்தான் புரியும்.

வானம் சாம்பல் பூத்திருந்தது. காற்று விட்டு விட்டு வந்தது. கடல் சத்தம் மட்டும் விடாமல் பெரிதாகிக்கொண்டிருந்தது. முதல் தகரத்தை மேலே இழுத்துச் சட்டத்தின்மேல் வைத்தார்.

"கச்சிதமா உக்காருது" என்றார்.

"உக்காராம என்ன அண்ணே? எங்க தகரமாச்சே."

"உங்க தகரம்னு எப்படித் தெரிஞ்சுது?"

தையல்காரி பெருமையாகச் சொன்னாள். இருபத்தேழரை, முப்பதரை, இருபத்தேழரை. நாத்தனார் வீட்டிலும் அதே அளவு இருந்ததைச் சொன்னாள்.

கூரைக்காரர் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினார். சிரிப்பில் விழுங்கிவிடக் கூடாதே என்று. அவர் சிரித்து முடிக்கும்வரை அவள் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எதை அளந்தே? தகரத்தையா, சட்டத்தையா?"

"ஆணியை அளந்தேன்."

"ஆணி எங்க இறங்கும்? சட்டம் இருக்கற இடத்துலதானே இறங்கும்? சட்டத்தைப் போட்டது யாரு? நான். இந்த வரிசையில இருபத்திரண்டு வீட்டுக்கும் நான்தான் போட்டேன். என் அளவுக் கழி முதல் வீட்டுலயே முனை உடைஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது இருபத்தேழரை இஞ்சு. வேற கழி வெட்டச் சோம்பேறித்தனம். அதையே வச்சுப் போட்டேன். நடுவுல மட்டும் தகரம் கொஞ்சம் நீளுதேன்னு கழியோட மூணு இஞ்சு கூட்டிப் போட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆனாலும் விடவில்லை. "பக்கத்து வீட்டைக் காட்டுங்க" என்றாள்.

அவர் இறங்கி வந்தார். பக்கத்து வீட்டில் அளந்தாள். இருபத்தேழரை, முப்பதரை, இருபத்தேழரை. அடுத்த வீட்டில் ஆள் இல்லை, சன்னல் வழியாக ஏறிப்போய் அளந்தாள். அதே. அதே வரிசையில் இருந்த மளிகைக்கடையிலும் அதேதான். கடை வாசலில் நின்று டேப்பைச் சுருட்டினாள். கை சுருட்டியது, கண் எங்கேயோ பார்த்தது. இந்தத் தெருவில் எந்தத் தகரமும் எந்த வீட்டுக்கும் உட்காரும். இருபத்திரண்டு வீட்டையும் திருடர்கள் என்று சொல்ல அவள் கையில் அத்தாட்சி இருந்தது.

"அப்ப இது யார் தகரம் அண்ணே?"

"அது காத்துக்குத்தான் தெரியும்" என்றார் கூரைக்காரர். "ஆணி அடிக்கட்டுமா வேணாமா? சீக்கிரம் சொல்லு. வானம் சரியில்ல."

"அடிக்காதீங்க. இறக்குங்க."

மெக்கானிக் வந்தபோது ஏழு தகரமும் மறுபடி சுவரில் சாய்ந்திருந்தன. நடந்ததைச் சொன்னாள். "குழாயடியில வச்சு, அத்தனை பேர் முன்னால கேட்டுட்டேங்க. அந்தப் பொண்ணை. இந்த நேரத்துல. என் நாக்குல தீயை வைக்க."

"சரி. விடு. மழை வரப்போகுது."

"விடறதா? இந்தப் பக்கம் புடிங்க. கொண்டு போய்க் குடுக்கணும்."

"நான் அவகிட்ட அப்புறம் பேசிக்கறேன். நீ வர வேணாம்."

"பேச வேண்டியது நான். தப்பு என்னோடது."

"சொன்னா கேளேன். இன்னிக்கு இதை இங்கயே அடிச்சுடலாம். அப்பா இருக்கார்ல? அவளை இங்க கூட்டிட்டு வந்துடலாம்."

"அவ தகரத்தை என் கூரையில அடிச்சுட்டு, அவளையே விருந்தாளியா கூப்பிடறதா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

மாமனார் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். மகனைத்தான் பார்த்தார். "தூக்குடா" என்றார். "போய்ட்டு வா."

இரண்டு தகரத்தை அடுக்கி முன்பக்கம் அவள் பிடித்தாள், பின்பக்கம் அவன். காற்றில் தகரம் தூக்குவது சும்மா இல்லை. அகலத்தைக் காட்டினால் ஆளையும் சேர்த்துப் பறக்கவிடும். விளிம்பைக் காற்றுக்குக் கொடுத்து, சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். கூரைக்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். சன்னல்களில் தலைகள் முளைத்தன. படகுத்துறையில் படகைக் கரைக்கு இழுக்கும் வின்ச் சுற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். கம்பத்தில் இரண்டாவது கொடி ஏறிக்கொண்டிருந்தது.

சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே ஐஸ்காரியின் பாய் படபடத்தது. இவர்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

தையல்காரி நடந்த மூச்சோடு பேசிவிட்டாள். நின்றால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அளந்தது தப்பு. எல்லா வீட்டுலயும் அதே அளவுதானாம். கூரைக்கார அண்ணன் காட்டிட்டார். இது உன் தகரம். நான் உன்னைத் திருடின்னு சொன்னேன். வாயால சொல்லல, ஆனா அதான் சொன்னேன். என்னை மன்னிச்சுடு."

பதினாறு வருஷத்தில் அந்த வீட்டில் யாரிடமும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் சின்னவள் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுண்ணே" என்றாள் சின்னவள்.

தகரத்தின் பின்முனை தரையில் தடாரென்று இறங்கியது.

"இது நம்ம தகரம்தான்" என்றான் மெக்கானிக்.

எதற்காக இப்படிச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்? அளவெல்லாம் ஒண்ணுன்னு இப்பத்தானே..."

"நான் அளக்கல. போன வருஷம் ஓட்டை விழுந்ததுக்கு நான்தானே இன்ஜின் பசை வச்சு அடைச்சேன். அடியில இருக்கு, பாரு."

அவள் மேல் தகரத்தைத் திருப்பினாள். கறுப்பாக ஒரு திட்டு. பசை காயும் முன்னே அழுத்திய கட்டைவிரல் பதிந்திருந்தது. எந்த டேப்பும் வேண்டாம், திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அவள் திருப்பவே இல்லை.

"முகாம்ல நீங்க எல்லாம் இருந்தப்ப, நான் வீட்டைப் பாக்க வந்தேன்ல, ரெண்டாம் நாள்" என்றான். குரல் தரையைப் பார்த்து வந்தது. "படகுத்துறைக்குப் பின்னால ஆறும் ஒரே குவியலாக் கிடந்துது. தூக்கிட்டு வந்தேன். வர்ற வழியில இவ வீடு. ஓரத்துல ஒரே ஒரு தகரம்தான் மிச்சம். நமக்கு முன்பக்கமாவது இருந்துது. இங்கயே அடிச்சுட்டேன்."

"அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார்" என்றாள் சின்னவள். "அந்தப் பசங்க கதையும் அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான். தினம் கேட்டேன், சொல்லியாச்சாண்ணே, சொல்லியாச்சாண்ணேன்னு. இன்னிக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னார். குழாயடியில நீங்க கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அண்ணி. எங்க அண்ணனைக் காட்டிக் குடுக்கறதா?"

தையல்காரி நாளை எண்ணினாள். முப்பத்தெட்டு நாள். அத்தனை நாளும் அவள் கட்டிலைத் தள்ளினாள், மிஷினை இழுத்தாள். இவன் பக்கத்தில் நின்று, மறுபக்கம் பிடித்து உதவி செய்தான். அவள் அளவைச் சொன்னபோது சோற்றைப் பிசைந்தான். தங்கையைக் குழாயடியில் நிறுத்திக் கேட்டது தெரிந்தும் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் கடைசியில். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"குடுத்திருப்பியா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. முப்பத்தெட்டு நாளாக அவனுக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நனைந்த அறை கண்முன் வந்தது. மிஷின் வந்தது, மாமனார் இழுத்த இழுப்பு வந்தது. ஆறையும் கொடுத்திருப்பாளா? மூன்று? முதலில் நம் வீடு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க மாட்டாளா? நேற்றுவரை யாராவது கேட்டிருந்தால் சட்டென்று பதில் சொல்லியிருப்பாள். சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள் என்பது தெரிந்தபோது, தையல்காரிக்கு வாய் தானாக மூடிக்கொண்டது.

மழையின் முதல் பெரிய சொட்டு தகரத்தில் விழுந்தது.

"அம்மா" என்றார் கூரைக்காரர். ஆணிகள் மறுபடி வாய்க்குள் போயிருந்தன. "இருட்டறதுக்குள்ள ஒரு வீட்டுக்குத்தான் நேரம் இருக்கு. யார் கூரைன்னு சொல்லு. நான் ஏறணும்."

அவள் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. சின்னவளின் வயிற்றைப் பார்த்தாள்.

"இங்கயே அடிங்க. ஏழையும்."

"அப்பா?" என்றான் அவன்.

"அவரைக் கட்டிலோட இங்க தூக்கிட்டு வரணும். மிஷினையும். இடம் இருக்கா சின்னவளே?"

"இருக்கு அண்ணி" என்றாள் சின்னவள். பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டில் போட இடம் ஒதுக்க ஆரம்பித்தாள்.

கூரைக்காரர் ஏணியைச் சாத்தினார். இன்னும் ஐந்து தகரம் கொண்டுவர வேண்டும். வழக்கமாகத் தையல்காரிதான் முன்னால் போவாள், அவள் நடை அப்படி. மெக்கானிக் நாலடி பின்னால் வருவான். அவன் பின்னால்தான் வருகிறான் என்ற நம்பிக்கையில் அவள் பதினாறு வருஷமாகத் திரும்பிப் பார்த்ததில்லை.

தெருவில் இறங்கியதும் நின்றாள்.

"நீங்க முன்னால நடங்க."

"ஏன்?"

"நடங்க."

அவன் நடந்தான். மழை வலுத்தது. அவள் அவன் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னால் போனாள்.